கர்ப்பிணியின் சலத்தில் என்ன தேடுகிறார்கள்?

கொட்டாஞ்சேனையானாலும் வெள்ளவத்தையானாலும், கிளினிக்குக்குப் போகும் பிள்ளைத்தாய்ச்சிக்கு மூன்று காரியம் தப்பாது: நிறை, பிரஷர், சலம். முதல் இரண்டுக்கும் யாரும் முகம் சுளிப்பதில்லை. மூன்றாவதுதான் சங்கடம். சின்னப் போத்தலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். நிறம் மாறும் பட்டி ஒன்றை மருத்துவமாது அதில் தோய்த்து எடுக்கிறார், சற்றுப் பொறுத்துப் பார்க்கிறார், அட்டையில் ‘இல்லை’ என்று எழுதுகிறார். ஒவ்வொரு வருகையிலும் அதே ‘இல்லை’. காலி வீதியில் ஸ்பெஷலிஸ்டைச் சனல் பண்ணிப் பார்ப்பவர்களுக்கும் இந்தச் சோதனையிலிருந்து விடுதலை கிடையாது. போத்தல் மட்டும் கொஞ்சம் நல்லதாக இருக்கும். பிறகு ஏழாம் எட்டாம் மாதத்தில் ஒரு நாள் ‘இல்லை’ போய் ‘இரண்டு பிளஸ்’ வருகிறது, பிரஷரும் 140க்கு 90ஐத் தாண்டியிருக்கிறது. அன்றைக்கே வார்டில் படு என்கிறார்கள். அவளுக்கு ஒரு வருத்தமும் தெரியாது. கால் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். “பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்காமல் வேறென்ன, பார்லித் தண்ணி குடி” என்று மாமியார் ஏற்கனவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பட்டி தேடியது புரதத்தை, குறிப்பாக அல்புமினை. நல்ல சிறுநீரகம் அல்புமினை வெளியே விடாது. கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பிறகு பிரஷர் புதிதாக ஏறி, சலத்தில் புரதமும் கசிந்தால், அந்த நிலைக்கு பிரீ-எக்லாம்சியா என்று பெயர். முற்றினால் வலிப்பு வரும், அதுதான் எக்லாம்சியா. இந்த நோய் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 46,000 தாய்மாரைக் கொல்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இலங்கையிலும் தாய் மரணத்தின் முன்வரிசைக் காரணங்களில் கர்ப்பகாலக் குருதி அமுக்கம் ஒன்று.

புரதத்தைத் தேடும் வழக்கம் ஒரு கரண்டியில் தொடங்கியது. லண்டனில் கைஸ் வைத்தியசாலையில் ரிச்சர்ட் பிரைட் என்ற வைத்தியர், உடம்பு ஊதிப்போய் வந்த நோயாளரின் சலத்தைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காய்ச்சினார். முட்டை வெள்ளைக்கருபோலத் திரண்டது. இறந்தவர்களை அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் கெட்டிருந்தது. இரண்டையும் சேர்த்து 1827இல் எழுதினார். சிறுநீரக நோய்க்கே நெடுங்காலம் ‘பிரைட் நோய்’ என்றுதான் பெயர்.

அதே வைத்தியசாலையில் பிரசவம் பார்த்த ஜோன் லீவர், வலிப்பு வந்த தாய்மாரின் வீங்கிய முகத்தைப் பார்த்து, பிரைட்டின் நோயாளரைப்போல இருக்கிறார்களே என்று யோசித்தார். அவர்களுடைய சலத்தையும் காய்ச்சினார். திரண்டது. 1843இல் அதை வெளியிட்டபோது கூடவே இன்னொன்றையும் குறித்தார்: பிள்ளை பிறந்த சில நாட்களில் அந்தப் புரதம் மறைந்துவிடுகிறது. பிரைட்டின் நோயாளருக்கு அது மறைவதில்லை. அவர்கள் அதோடு செத்துப்போனார்கள். அப்படியானால் இது சிறுநீரகத்தில் பிறந்த நோய் இல்லை. வேறு எங்கோ பிறந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது, பிரசவத்தோடு அந்த மூலமும் வெளியேறிவிடுகிறது.

பிரசவத்தில் வெளியேறுவது இரண்டு: பிள்ளையும் நஞ்சுக்கொடியும். நம் பாடப்புத்தகங்களில் சூல்வித்தகம். இந்த இரண்டில் எது மூலம் என்பதற்கு இயற்கையே ஒரு சோதனை செய்து காட்டியிருக்கிறது. சில கர்ப்பங்களில் பிள்ளை உருவாவதே இல்லை. சூல்வித்தகத் திசு மட்டும் முந்திரிக்குலைபோலப் பெருகி வளரும். அந்தப் பெண்களுக்கும் பிரீ-எக்லாம்சியா வருகிறது, சிலசமயம் வழக்கத்தை விட முன்னதாகவே வருகிறது. ஆக, பிள்ளையின்மேல் பழியில்லை.

மூலம் சூல்வித்தகம் என்று தெரிந்த பிறகும், அது என்ன செய்கிறது என்பது நெடுங்காலம் பிடிபடவில்லை. சிக்காகோ மகப்பேற்று வைத்தியசாலையின் சுவரில் மருத்துவ மேதைகளின் பெயர் பொறித்த கேடயங்களுக்கிடையே ஒன்றை வெறுமையாக விட்டார்கள், எக்லாம்சியாவின் காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்காக. அந்த இடத்தைப் பிடிக்க ஆசைப்பட்டவர்கள் குறைவில்லை. 1983இல் ஒரு குழு, நோயாளரின் குருதியில் ஒரு புழுவைக் கண்டதாக அறிவித்து அதற்கு இலத்தீன் பெயரும் சூட்டியது. பார்த்தால் அது புழு இல்லை, கண்ணாடித் தட்டில் சாயம் ஏற்றும்போது உண்டான மாயம். ஆராய்ச்சியாளரும் ஆவலில் ஏமாறுகிற மனிதர்தான் என்பதற்கு எனக்குப் பிடித்த கதை இது.

உண்மையான தடயம் சிக்காகோவிலேயே, சிறுநீரகத்துக்குள் கிடைத்தது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் கலன்கோளங்கள் உண்டு. மயிர்த்துளைக் குழாய்கள் சுருண்டு கிடக்கும் நுண்ணிய வடிகள். அந்தக் குழாய்களின் உட்சுவர்க் கலங்களில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். நீர் அந்தத் துளைவழியே வடிகிறது, புரதம் தங்கிவிடுகிறது. 1959இல் ஸ்பார்கோவும் சக ஆய்வாளர்களும் பிரீ-எக்லாம்சியா வந்த பெண்களின் சிறுநீரகத் திசுவை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, உட்சுவர்க் கலங்கள் உப்பிப்போய்த் துளைகள் அடைபட்டுக் கிடந்தன. வேறு சிறுநீரக நோய்களில் இப்படி ஒரு தோற்றம் அபூர்வம். குற்றம் எங்கே நடந்தாலும் கைரேகை இங்கே விழுந்திருந்தது.

1967இல் இன்னொரு துண்டு சேர்ந்தது. சாதாரணக் கர்ப்பத்தில் சூல்வித்தகக் கலங்கள் கருப்பைச் சுவரின் சுருள் நாடிகளுக்குள் புகுந்து அவற்றை அகலமான, தளர்ந்த குழாய்களாக மாற்றிவிடும். குருதி தாராளமாக வந்து சேரும். பிரீ-எக்லாம்சியாவில் இந்த வேலை அரைகுறையாக நின்றுபோகிறது என்பதை பிரோசன்ஸ் குழு காட்டியது. குருதி போதாத சூல்வித்தகம் ஒட்சிசனுக்குத் தவிக்கிறது. ஆனால் கருப்பையில் தவிக்கும் ஒரு திசு, தூரத்தில் இருக்கும் சிறுநீரகத்தின் துளைகளை எப்படி அடைக்கும்?

விடை 2003இல் வந்தது. கொண்டுவந்தவர் மகப்பேற்று வைத்தியர் இல்லை என்பது கவனிக்க வேண்டியது. அனந்த் கருமஞ்சி, இந்தியாவிலிருந்து அமெரிக்கா போய் பொஸ்டனில் பணியாற்றிய சிறுநீரக வைத்தியர். அவரும் ஷரன் மேனார்டும் மற்றவர்களும் நோயுற்ற சூல்வித்தகங்களில் எந்த மரபணுக்கள் மிகையாகப் பேசுகின்றன என்று தேடினார்கள். முன்னுக்கு வந்து நின்றது எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதம்.

இதைப் புரிந்துகொள்ள விஇஜிஎஃப் என்ற இன்னொரு புரதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். குருதிக் குழாய்களை வளர்ப்பதும், வளர்ந்த குழாய்களைத் தளர்வாகவும் நலமாகவும் வைத்திருப்பதும் அதன் வேலை. கலங்களின் மேற்பரப்பில் அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள் பதிந்திருக்கும். எஸ்எஃப்எல்டி-1 அப்படியான ஓர் ஏற்பிதான், ஆனால் கலத்தில் பதியாமல் குருதியில் மிதப்பது. வீட்டு வாசலில் இருக்க வேண்டிய கடிதப்பெட்டி கழன்று வீதியில் அலைந்து, தபால்காரரிடம் தெருவிலேயே கடிதங்களை வாங்கி விழுங்கினால் வீட்டுக்கு எதுவும் வந்து சேராதல்லவா, அதே கதி. விஇஜிஎஃப் வராத குழாய்கள் இறுகுகின்றன, பிரஷர் ஏறுகிறது. கலன்கோளத்தில் வடிகட்டியின் வெளிப்பக்கக் கலங்கள் ஓயாமல் விஇஜிஎஃப் சுரந்து உட்சுவரின் துளைகளைத் திறந்து வைத்திருக்கின்றன. அது கிடைக்காமல் போனதும் உட்சுவர் உப்புகிறது, வடி பழுதாகிறது, அல்புமின் கசிகிறது. 1959இல் பார்த்த அதே தோற்றம்.

ஆய்வுக் குழு இந்தப் புரதத்தை எலிகளில் மிகையாகச் சுரக்க வைத்தது. சினை எலிகளுக்குப் பிரஷர் ஏறியது, சலத்தில் புரதம் வந்தது, கலன்கோளம் உப்பியது. சினையில்லாத எலிகளுக்கும் அப்படியே. நோயை உண்டாக்கக் கர்ப்பமே தேவையில்லை, இந்த ஒரு புரதம் போதும் என்பதுதான் அந்தச் சோதனையின் கூர்மை. அதே ஆண்டில் டொரொன்டோவில் ஒரு குழு, எலியின் வடிகட்டிக் கலங்களில் விஇஜிஎஃப்பைப் பாதியாகக் குறைத்து அதே உப்பலைக் கண்டது. மனிதச் சாட்சியும் வந்துசேர்ந்தது, அதுவும் எதிர்பாராத பக்கத்திலிருந்து. புற்றுக் கட்டிக்குக் குருதி போகாமல் தடுக்க விஇஜிஎஃப்பை முடக்கும் பெவசிசுமாப் என்ற மருந்து 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை ஏற்றிக்கொண்டவர்களில் ஆணும் பெண்ணுமாகப் பலருக்கும் வந்த பக்க விளைவு என்ன தெரியுமா? பிரஷர், சலத்தில் புரதம்.

2004இல் லெவின் குழுவினர் பழைய ஆய்வொன்றில் சேமித்து வைத்திருந்த கர்ப்பிணிகளின் குருதியை மீண்டும் எடுத்துப் பார்த்தார்கள். நோய் வெளிப்படுவதற்கு ஏறக்குறைய ஐந்து வாரம் முன்பே எஸ்எஃப்எல்டி-1 ஏறத் தொடங்கியிருந்தது. பட்டியில் பிளஸ் வருவது கதையின் கடைசி அத்தியாயம் என்று அப்போது தெரிந்தது. இன்றைக்கு இந்தப் புரதத்துக்கும் அதன் எதிர்ப்பக்கப் புரதம் ஒன்றுக்கும் உள்ள விகிதத்தை அளக்கும் குருதிச் சோதனை இருக்கிறது. விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே என்றால், வரும் ஒரு வாரத்துக்கு அந்தப் பெண்ணுக்கு நோய் வராது என்று 99 வீதத்துக்கு மேல் உறுதியாகச் சொல்லலாம் என 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. வார்டில் வீணாகப் படுக்க வைப்பதை இது குறைக்கும். ஆனால் இயந்திரம் வேண்டும், காசு வேண்டும். பட்டிக்கு ஒரு கிண்ணம் போதும்.

காரணம் தெரிவது ஒன்று, காப்பாற்றுவது வேறு. பிரசவத்தைத் தவிர இந்த நோய்க்கு இன்னும் முடிவான சிகிச்சை கிடையாது. 28ஆம் வாரத்தில் நோய் முற்றினால் வைத்தியர் தாயின் மூளையையும் சிறுநீரகத்தையும் ஒரு தட்டிலும், பிள்ளையின் முற்றாத நுரையீரலை மறுதட்டிலும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. குருதியை வெளியே எடுத்து எஸ்எஃப்எல்டி-1ஐ வடித்துவிட்டுத் திருப்பி ஏற்றும் முயற்சி நடந்தது. 2016இல் வெளியான சிறிய ஆய்வில் பலமுறை வடித்த பெண்களின் கர்ப்பம் சராசரி 15 நாள் நீடித்தது. வடிக்காதவர்களுக்கு 3 நாள். பதினொரு பெண்களை வைத்து ஊருக்குச் சட்டம் எழுத முடியாது. ஆனால் அந்த வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள் என்பது சின்ன விஷயமுமல்ல.

உண்மையில் உயிர்களைக் காத்தது மலிவான ஓர் உப்பு: மக்னீசியம் சல்பேற், பேதிக்குக் கொடுத்த எப்சம் உப்பேதான். வலிப்புக்கு அதை ஊசியாகப் போடும் வழக்கம் பழையது. ஆனால் பல நாடுகளில் வைத்தியர்கள் டயசிபாமையும் ஃபெனிற்றொயினையும் நம்பினார்கள். உப்புப் போடுவது அவர்களுக்கு நாட்டு வைத்தியம்போலப் பட்டிருக்கும். 1995இல் 1,687 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு அந்த வாதத்தை முடித்தது. மக்னீசியம் பெற்றவர்களுக்கு வலிப்பு மீண்டும் வருவது டயசிபாமை விட 52 வீதமும், ஃபெனிற்றொயினை விட 67 வீதமும் குறைந்தது. 2002இல் ‘மேக்பை’ ஆய்வு, 33 நாடுகள், 10,141 பெண்கள்: வலிப்பு வருமுன்பே கொடுத்தால் எக்லாம்சியா 58 வீதம் குறைகிறது. எப்படி வேலை செய்கிறது என்பதில் இன்னும் தர்க்கம் உண்டு. வேலை செய்கிறது என்பதில் இல்லை.

அஸ்பிரினின் கதை இதற்கு நேர்மாறு, மருத்துவ ஆய்வு என்பது என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. 1994இல் 9,364 பெண்களுக்கு 60 மில்லிகிராம் அல்லது போலி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், சொல்லும்படியான வித்தியாசமில்லை. அஸ்பிரின் தோற்றது என்று பலர் கோப்பை மூடினார்கள். 2017இல் வேறொரு குழு மூன்றை மாற்றியது. மருந்தை 150 மில்லிகிராமாக்கி இரவில் கொடுத்தது; 11 முதல் 14 வாரத்துக்குள், அதாவது சுருள் நாடிகளை மாற்றும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தொடங்கியது; எல்லாருக்கும் கொடுக்காமல் ஆபத்து அதிகமான 1,776 பேரைத் தேர்ந்தெடுத்தது. 37 வாரத்துக்கு முன் வரும் பிரீ-எக்லாம்சியா 4.3 வீதத்திலிருந்து 1.6 வீதமாக விழுந்தது. மாதம் நிறைந்தபின் வரும் நோயை அது தடுக்கவில்லை. மருந்து அதே மருந்துதான். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்ற கேள்விகள் முன்பு சரியாகக் கேட்கப்படவில்லை. ‘அஸ்பிரின் குடித்தால் பிள்ளைக்குக் கூடாது’ என்று வைத்தியர் எழுதிய மாத்திரையை அலுமாரியில் பூட்டி வைக்கும் வீடுகள் நம்மிடையே இருப்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வைத்தியரைக் கேட்காமல் தானாக வாங்கிக் குடிப்பதும் அதே அளவு தவறு.

கிளினிக்கில் கொடுக்கும் கல்சியம் மாத்திரையும் இந்த நோய்க்கு எதிரானதுதான். எலும்புக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். உணவில் கல்சியம் குறைந்த நாடுகளில் நாளுக்கு ஒன்றரை கிராமுக்குக் குறையாமல் கொடுக்கச் சொல்லியிருந்தது உலக சுகாதார நிறுவனம். பெரிய பெரிய மாத்திரைகள், விழுங்குவதே தண்டனை. 2024இல் பெங்களூரிலும் தன்சானியாவிலும் தலா 11,000 பெண்களிடம் செய்த ஆய்வுகள், 500 மில்லிகிராம் கொடுத்தாலும் பிரீ-எக்லாம்சியாவைத் தடுப்பதில் அது ஒன்றரை கிராமுக்குக் குறைந்ததல்ல என்று காட்டின.

இலங்கை இந்த அறிவையெல்லாம் பயன்படுத்த முடிந்ததற்குக் காரணம் வைத்தியசாலைகள் மட்டுமல்ல. டி சொய்சா மகப்பேற்று மனை கொழும்பில் 1879இலேயே திறந்தாயிற்று. என்றாலும் 1930களில் இலட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். அண்மைக்கால எண்ணிக்கை முப்பதைச் சுற்றி நிற்கிறது. நடுவில் நடந்தது, 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடுவீடாக நடந்த மருத்துவமாதுக்களும்தான். அவர்களில் பழையவர்கள் சலத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சுடரில் காய்ச்சிப் பார்த்தவர்கள்.

பட்டியை இவ்வளவு புகழ்ந்த பிறகு அதன் குருட்டுப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இலங்கையில் ‘கிட்னி வருத்தம்’ என்றால் அநுராதபுரமும் பொலநறுவையும் நினைவுக்கு வரும். சீனியும் பிரஷரும் இல்லாத விவசாயிகளை 1990களிலிருந்து வாட்டும் காரணம் தெரியாத நோய். வவுனியாவும் அதன் வரைபடத்தில் உண்டு. அங்கிருந்து கொழும்புக்கு வந்து குடியேறியவர்களும் உண்டு. அந்த நோய் தாக்குவது கலன்கோளத்தை அல்ல, அதற்குப் பின்னால் வரும் சிறு குழாய்களை. ஆகவே நெடுநாள் புரதம் கசியாது. பட்டி ‘இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும், சிறுநீரகம் சுருங்கிக்கொண்டிருக்கும். அநுராதபுரத்தில் ரஜரட்டைப் பல்கலைக்கழகம் 2019இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்துத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வொன்றைத் தொடங்கியது. இந்த மண்ணின் கர்ப்பிணிகளைப் பற்றிய கேள்விகளுக்கு வேறு நாடுகளின் எண்கள் விடை தராது.

குருதியில் தங்கும் கழிவைக் கொண்டு சிறுநீரகத்தை அளக்கும் மற்றச் சோதனையான கிரியற்றினினிலும் ஒரு பொறி இருக்கிறது. கர்ப்பத்தில் சிறுநீரகம் வழக்கத்தை விடப் பாதி மடங்கு கூடுதலாக வடிக்கிறது. அதனால் கர்ப்பிணியின் கிரியற்றினின் 0.5, 0.6 என்று இறங்கிவிடும். ஆய்வுகூடத்து அறிக்கையில் 1.0 என்று வந்து, பக்கத்தில் ‘சாதாரண அளவுக்குள்’ என்று அச்சிட்டிருக்கும். அது கர்ப்பமில்லாதவருக்கான அளவு. ஏழாம் மாதத்துப் பெண்ணுக்கு 1.0 என்பது வைத்தியரிடம் அன்றே காட்ட வேண்டிய எண்.

என் கண்ணில் இந்த விஷயத்தில் மிகவும் கவனிக்கப்படாத பகுதி பிரசவத்துக்குப் பின்னால் இருக்கிறது. பிரஷர் இறங்கிவிட்டது, புரதம் நின்றுவிட்டது, 31ஆம் நாள் துடக்குக் கழிவும் ஆயிற்று, கர்ப்பகால அட்டை எங்கேயோ போய்விடுகிறது. பிள்ளையின் வளர்ச்சிப் புத்தகம்தான் பத்திரம். நோர்வேயில் 1967இலிருந்து எல்லாப் பிறப்புகளையும் பதிகிறார்கள். அந்தப் பதிவேட்டைச் சிறுநீரகம் செயலிழந்தவர்களின் பதிவேட்டோடு சேர்த்து, 570,433 தாய்மாரைப் பற்றி 2008இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் 477 பேருக்குச் சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்திருந்தது. சராசரியாக முதல் பிள்ளை பிறந்து 17 ஆண்டு கழித்து. முதல் கர்ப்பத்தில் பிரீ-எக்லாம்சியா வந்தவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களை விட 4.7 மடங்கு. மொத்தத்தில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்பதால் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. இருதய நோயும் நிரந்தரப் பிரஷரும் அவர்களுக்குக் கூடுதலாக வருவது வேறு பல ஆய்வுகளிலும் தெரிந்தது. கர்ப்பம் சிறுநீரகத்தைக் காயப்படுத்தியதா, அல்லது முன்பே பலவீனமாக இருந்த சிறுநீரகத்தைக் கர்ப்பம் வெளிச்சம் போட்டுக் காட்டியதா என்பதில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. எப்படியானாலும் அந்தப் பெண் கவனிக்கப்பட வேண்டியவள்.

அதற்கு இடமும் இருக்கிறது. 35 வயதுப் பெண்களுக்கான ‘சுவநாரி’ கிளினிக்கை அரசாங்கம் 1996இல் தொடங்கியது. பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் பார்க்கிறார்கள், காசில்லை. கொழும்பில் நம்மவர்கள் அங்கே அதிகம் போவதாகத் தெரியவில்லை. நோய் வந்தபின் சனல் பண்ணுவதுதான் நம் பழக்கம். போகிறவர்கள் அந்தப் பழைய கர்ப்பகால அட்டையைக் கையோடு கொண்டுபோகட்டும். அட்டை இல்லையென்றால், “முதல் பிள்ளைக்குப் பிரஷர் ஏறிச் சலத்தில் புரதம் போனது” என்று வாய்விட்டுச் சொல்லட்டும். அந்த ஒரு வசனத்தைக் கேட்ட வைத்தியர் பிரஷரோடு நிறுத்தாமல் சலத்தின் அல்புமினையும் கிரியற்றினினையும் பார்க்கச் சொல்வார், அடுத்த வருடமும் வரச் சொல்வார்.